14 வருடம் நின்ற காரில் பெட்ரோல் கசிவு: ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஒழுகுகிறது

பழையசாவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 1968-ஆம் வருடத்துக் காரை 14 வருடங்களுக்குப் பிறகு வெளியே எடுத்திருக்கிறேன். அவருக்கு நான் ஒரே மகள். விற்க மனம் வரவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின், ஒற்றைக் கார்புரேட்டர், எஞ்சின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். கடைசியாக நிறுத்தியபோது இருந்த பெட்ரோல் டேங்கிலேயே கிடந்தது. மூடியைத் திறந்தால் பெட்ரோல் நெடி இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவின் நெடி. அதை முழுவதும் வடித்து, டேங்கை இரண்டு முறை அலசி, புதிதாக 10 லிட்டர் ஊற்றினேன்.

அன்று மாலையே டேங்கின் அடியில் சொட்டியது. டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தேன். வறண்ட ஏரியின் மண் போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாற்றினேன். மறுநாள் பம்பைச் சுற்றி ஈரம். திருகுகளை இறுக்கினேன். இரண்டு நாட்களாகப் பலமுறை ஸ்டார்ட்டரைச் சுற்றிய பிறகு எஞ்சின் பிடித்தது. சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். ஆனால் இரண்டே நிமிடத்தில் கார்புரேட்டரின் பக்கத்திலிருந்து பெட்ரோல் வழிந்து, சூடான எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இறங்கியது. உடனே அணைத்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

எல்லா இணைப்பிலும் சிலிக்கான் பசை தடவினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தேய்ந்தஸ்பேனர்

சகோதரி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, பள்ளம் கிடைத்தால் அங்கே தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றும். காரைக் காற்றோட்டமான திறந்த இடத்துக்குத் தள்ளுங்கள். அடியில் குண்டு பல்பு விளக்கை வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்; பெட்ரோல் சொட்டும் இடத்தில் அந்தப் பல்பு உடைந்தால் அதுவே தீக்குச்சி. உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிலிக்கான் வேண்டாம். சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறி உப்பிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துணுக்கு கார்புரேட்டருக்குள் போய், பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டை அடைத்தால் அது தனி வேலை.

ஒரு கேள்வி. எஞ்சின் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தீர்களா? முகர்ந்தும் பாருங்கள். அதுவரை சாவியைத் தொடாதீர்கள்.

பழையசாவி

இப்போதுதான் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு அரை விரற்கடை மேலே நிற்கிறது. போன வாரம் நானே புது ஆயிலைச் சரியாகக் கோடு வரை ஊற்றியிருந்தேன். இரு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் போல ஓடுகிறது. பெட்ரோல் நெடி நன்றாக வருகிறது. பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறது, அதன் விளிம்பிலும் ஒரு சொட்டு தொங்குகிறது. அந்தத் துளையை அடைக்க வேண்டுமா?

தேய்ந்தஸ்பேனர்

அடைக்கவே கூடாது. டயாப்ரம், அதாவது பம்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் சவ்வு, கிழிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த துளை அது. 14 வருடம் காய்ந்த டயாப்ரம் மடிப்பில் கீறிவிட்டிருக்கிறது. பெட்ரோலில் ஒரு பங்கு அந்தத் துளை வழியாக வெளியே வருகிறது, இன்னொரு பங்கு பம்பின் நெம்புகோல் வழியாக ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. வெளியே சொட்டுவதைவிட உள்ளே இறங்குவதுதான் ஆபத்து. நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும்; ஆயில் தொட்டிக்குள் பெட்ரோல் ஆவியும் நிறைந்து நிற்கும். நல்லவேளை, இரண்டு நிமிடத்தில் அணைத்தீர்கள்.

பம்பைக் கழற்றி டயாப்ரம், வால்வு, பேக்கிங் மூன்றையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலுக்குத் தாங்கும் டயாப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் எஞ்சினைச் சுற்றக்கூட வேண்டாம். ஊற்றி ஒரு வாரம்தானே ஆகிறது என்று மனம் தடுக்கும். இருந்தாலும் வடித்துவிடுங்கள்.

முதல்கியர்

சிறிது மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரிக்க அவசரம் வேண்டாம். காய்ந்து சுருங்கிய கார்க் பேக்கிங் பெட்ரோல் பட்டு ஊறினால் ஒரு நாளில் தானாகவே அடைத்துக்கொள்ளும். என் காரில் டேங்க் அளவுமானியின் பேக்கிங் அப்படித்தான் நின்றது.

அரைநூற்றாண்டு

தம்பி சொல்வது கார்க்குக்குச் சில நேரம் பொருந்தும். ரப்பருக்குப் பொருந்தாது. வெடித்த ரப்பர் ஊறி ஒட்டிக்கொள்வதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஊறினால் இன்னும் மென்மையாகி, கிளிப் பிடித்த இடத்தில் அறுந்துவிடும்.

மகளே, ஒரு ஹோஸை மட்டும் மாற்றியதாக எழுதியிருக்கிறாய். எல்லாம் ஒரே வயது, ஒரே பெட்ரோலில் ஊறியவை. எல்லாவற்றையும் மாற்று, டேங்க் வாய்க்குழாயின் பெரிய ரப்பரையும் சேர்த்து. இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் கலந்திருக்கிறது. இ10 என்றால் 10 சதவீதம் வரை. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. புது ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்கு: எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருந்தால் உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். எழுத்தே இல்லாத ஹோஸை விலை குறைவு என்று வாங்காதே. பட்டையில் வெட்டு வெட்டாகத் துளையிட்ட கிளிப் சின்ன ஹோஸை அறுக்கும். விளிம்பு மழுங்கிய கிளிப்பே நல்லது.

கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் ஸ்பேனரை எடுக்காதே. பெட்ரோல் குழாயின் மேலேயே ஓடி, தாழ்வான இடம் வந்ததும் சொட்டும். சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் ஒன்று. சந்தேகப்படும் இணைப்புகளைத் துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசு. வெள்ளைப் பொடியில் முதலில் கருக்கும் புள்ளி எதுவோ, அதுதான் வாய். இரும்புக் குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புகளையும் கழற்றிப் பார். அவற்றின் அடியில் ஈரம் தங்கித் துரு தின்றிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது.

தேய்ந்தஸ்பேனர்

ஐயா சொன்னதோடு ஒன்று. விரிந்த முனை வைத்த குழாய் இணைப்பில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அங்கே அடைப்பது மரை அல்ல, கூம்பு முனை. ஃபைபர், செம்பு வாஷர்களைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

கார்புரேட்டர் வழிவதற்குப் பெரும்பாலும் மிதவையோ ஊசி வால்வோ காரணம். பெட்ரோல் மட்டம் ஏறியதும் மிதவை எழும்பி, ஊசியால் வரவை மூட வேண்டும். பழைய பெட்ரோலின் பிசின் ஊசியை மூட விடாது. மிதவை பித்தளை என்றால் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். சலசலத்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது.

பழையசாவி (9 நாட்கள் கழித்து)

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

டயாப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது மடிப்பை ஒட்டி நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. பம்ப் முழுவதும் சரிசெய்தாயிற்று, ஆயில், ஃபில்டர் மாற்றியாயிற்று. மிதவையைக் குலுக்கினேன், சலசலத்தது. பெட்ரோல் நெடியும் தீயும் இல்லாத இடத்தில், அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த வெந்நீரில் அழுத்திப் பிடித்தேன். சாலிடர் வைத்த ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின. ஈயம் வைத்தால் மிதவையின் எடை கூடிப் பெட்ரோல் மட்டம் மாறும் என்பதால் புது மிதவையும் ஊசி வால்வும் போட்டேன்.

சாக்பீஸ் பொடி எனக்குப் பெரிய உதவி. பம்புக்கு வரும் இரும்புக் குழாயில், இரண்டாவது கிளிப்பின் அடியில் கருத்தது. நான் இத்தனை நாளும் ஒரு முழம் தள்ளியிருந்த இணைப்பை இறுக்கிக்கொண்டிருந்தேன்! குழாயையே மாற்றினேன். அளவுமானியின் கார்க் பேக்கிங்கை முதல்கியர் சொன்னபடி ஒரு நாள் ஊறவிட்டேன். ஈரம் குறைந்தது, நிற்கவில்லை. அதையும் மாற்றிவிட்டேன்.

டேங்கின் அடித்தையலில் ஒரு துருப்பொட்டு இருக்கிறது. கசியவில்லை. பற்றவைத்துவிடலாமா?

அரைநூற்றாண்டு

நீ வைக்காதே. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிடக் கொடியது. தையலுக்குள் ஊறிய பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். டேங்கைக் கழுவி, ஆவி இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்கும் தொழிலாளியிடம் கொடு. முதலில் டேங்கை முக்கால்வாசி நிரப்பி, அடியில் வெள்ளைத்தாள் விரித்து, திறந்த இடத்தில் ஓர் இரவு விடு. 10 லிட்டரில் தெரியாத கசிவு அப்போது தெரியும்.

பழையசாவி

நேற்றிரவு விட்டேன். காலையில் தாளை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒரு பொட்டும் இல்லை. துருப்பொட்டுக்காக டேங்க் அடுத்த வாரம் கழற்றப்படுகிறது. இன்று இருபது நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, அணைத்து, எல்லா இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தேன். விரல் உலர்ந்தே வந்தது. ஆயில் கோட்டிலேயே நிற்கிறது. அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்து, அப்பா வழக்கமாகச் செய்வதுபோல ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கிவைத்தார்.