கையில டாட்டூ இருந்தா ஸ்டாஃப் நர்ஸ் வேலை கிடைக்காதா?

கேள்வி (ஃபைனல் இயர், மதுரை):
வணக்கம், பிஎஸ்சி நர்சிங் முடிக்கப் போறேன். அம்மா இறந்தப்புறம் வலது மணிக்கட்டுக்கு மேல உள்பக்கமா அவங்க பேர டாட்டூ போட்டுக்கிட்டேன், சின்னதுதான், கறுப்பு இங்க். மூக்குத்தியும் காதுல மேல ரெண்டு ஸ்டட்டும் இருக்கு. அடுத்த மாசம் சென்னைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில இன்டர்வியூ. எங்க மேடம் கிளாஸ்ல வச்சே "இந்தக் கையப் பாத்தா பேஷன்ட் எப்படிம்மா நம்புவாங்க"னு கேட்டுட்டாங்க. ஃப்ரெண்டு ஃபுல் ஹேண்ட் போட்டு மறைச்சிடு, இல்லன்னா லேசர்ல எடுத்துடுன்றா. எடுக்க மனசே வரல. வேலைல இருக்குற அக்கா, அண்ணன்லாம் சொல்லுங்க. பின்னாடி யூகே போற ஐடியாவும் இருக்கு.

ஐசியூ இன்சார்ஜ்:
தங்கச்சி, முதல்ல அந்த ஃபுல் ஹேண்ட விடு. ஒவ்வொரு பெட்லயும் உரசிட்டுப் போறது அந்த சட்டைக் கைதான், அத போட்டுட்டு மணிக்கட்டு வரைக்கும் ஒழுங்கா கழுவவும் முடியாது. ஆறின டாட்டூ தோலுக்குள்ள இருக்கு, சோப்பு போட்டா மத்த தோல் மாதிரிதான். வார்டுல நான் பாக்குறது நகம், மோதிரம், வளையல், வாட்ச். 1997-98ல அமெரிக்கால ஓக்லஹோமா சிட்டில ஒரு பச்சக்குழந்தை ஐசியூல சூடோமோனாஸ்ன்ற பாக்டீரியா பரவி, தொத்தின 46 குழந்தைங்கள்ல 16 பேர் இறந்துட்டாங்க. விசாரிச்சப்போ நர்சுங்களோட நீள நகமும் செயற்கை நகமும் காரணமா இருந்திருக்கலாம்னு வந்துச்சு. 2009 டபிள்யூஎச்ஓ கைட்லைன்லயும் செயற்கை நகம் கூடாது, சொந்த நகம் அரை சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு இருக்கு. ஜெல் நெயிலோட டியூட்டிக்கு வந்தா திருப்பி அனுப்புவேன், அம்மா பேருக்காக யாரையும் அனுப்ப மாட்டேன்.

மூக்குத்தி ஒட்டின மாதிரி சின்னதா இருந்தா போதும். காது ஸ்டட்ட டியூட்டில கழட்டிடு, மாஸ்க் நாடா மாட்டும், சுயநினைவு இல்லாத பேஷன்ட் பிடிச்சு இழுத்தா காதே கிழியும்.

யூகேல இருக்கேன்:
இங்க மறைக்கவே முடியாது தங்கச்சி. 2007லயே 'பேர் பிலோ த எல்போ'னு கொண்டு வந்துட்டாங்க, முழங்கைக்கு கீழ துணி, வாட்ச், வளையல் எதுவும் கூடாது, பிளெயின் வெட்டிங் ரிங் ஒன்னு மட்டும் போட விடுவாங்க. அதனால டாட்டூ தெரியத்தான் செய்யும், எங்க வார்டுலயே கை நிறைய போட்டவங்க இருக்காங்க. அசிங்கமாவோ வெறுப்ப காட்டுற மாதிரியோ இருந்தாதான் பிரச்சனை. பியர்சிங் ரூல் மட்டும் ட்ரஸ்ட்டுக்கு ட்ரஸ்ட் (இங்க அரசு ஆஸ்பத்திரிகள நடத்துற அமைப்பு) மாறும், சேர்றதுக்கு முன்னாடி யூனிஃபார்ம் பாலிசிய கேட்டு வாங்கிப் படி.

ஸ்கின் ஓபி ஸ்டாஃப்:
லேசர இன்டர்வியூக்காக பண்ணாதீங்க ப்ளீஸ். கறுப்பு இங்க் நல்லா போகும்தான், ஆனா ஒரே சிட்டிங்ல போகாது, நடுவுல 6-8 வாரம் கேப் விடணும், நம்ம மாதிரி தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர்தான் பாத்து வைப்பாங்க, அப்பவும் வெள்ளத் திட்டு விழலாம். அடுத்த மாசம் கொப்புளத்தோட போய் நிப்பீங்க, பேஷன்ட் பக்கத்துல ஆறாத தோல்தான் நிஜமாவே ஆபத்து. இன்னொன்னு, டாட்டூ போட்ட எடத்துல புது ஊசியான்னு தெரியலன்னா ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூணும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க, பி தடுப்பூசி 3 டோஸும் முடிச்சிருக்கணும்.

ஜிஹெச் சிஸ்டர், திருநெல்வேலி:
பேஷன்ட் நம்ப மாட்டாங்கன்னு மேடம் சொன்னத மனசுல வச்சுக்காதம்மா. எங்க வார்டுக்கு வர்ற பாட்டிங்க பாதி பேர் முழங்கை வரைக்கும் பச்ச குத்தினவங்க. ஊசி வலிக்காம போடுறாளா, கூப்பிட்டா வர்றாளான்னுதான் பாப்பாங்க. ஆர்மி ரெக்ரூட்மென்ட்லயே முன்னங்கை உள்பக்கம் டாட்டூ இருந்தா ஒத்துக்குறாங்க.

கேள்வி கேட்டவ:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா. லேசர் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். எச்ஆர் கிட்ட நானே முன்னாடியே சொல்லலாமா, இல்ல அவங்க கேட்டா மட்டுமா?

ஐசியூ இன்சார்ஜ்:
நீயே கேளு. பிரைவேட்ல ரூல் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேற, சேந்தப்புறம் தெரிஞ்சா உனக்குத்தான் கஷ்டம். மெயில்ல "முன்னங்கை உள்பக்கம் சின்ன டாட்டூ, ஒரு பேர் மட்டும், உங்க டிரஸ் கோட்ல பரவாயில்லையா"னு ரெண்டு வரி போதும், பதில எழுத்துல வாங்கி வச்சுக்க. மறைக்கணும்னு சொன்னாங்கன்னா, ஃபுல் ஹேண்ட் போட்டா ஹேண்ட் ஹைஜீன் எப்படி பண்றதுன்னு அங்க இருக்குற இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் கிட்டயும் கேளு.