குமரியில் சபையும் அரசியலும்: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

மார்த்தாண்டத்தான்:

தேர்தல் அறிவித்துவிட்டால் போதும், சென்னை நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஊர்ல ஃபாதர் சொன்னா ஓட்டு விழுமாமே?" என்பதுதான். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், இந்துக்கள் 48.65 சதவீதம். இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு டிவியில் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு சரி என்றால் 1996-இல் பத்மநாபபுரத்தில் பாஜகவுக்குத் தமிழ்நாட்டின் முதல் எம்.எல்.ஏ. எப்படிக் கிடைத்தார்? 1999-இலும் 2014-இலும் பொன். ராதாகிருஷ்ணன் எப்படி எம்.பி. ஆனார்? கிறிஸ்தவர்கள் என்றாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), சால்வேஷன் ஆர்மி, மலங்கரை, பெந்தெகொஸ்தே என்று வீட்டுக்கு வீடு வேறு. ஆர்.சி.க்குள்ளேயே கடற்கரை வேறு, உள்நாடு வேறு.

எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் வேட்பாளர் வந்தால் முன்வரிசையில் இடம் உண்டு, பொன்னாடை உண்டு, ஜெபத்தில் ஒரு வரியும் உண்டு. அவ்வளவுதான். ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவர் கையாகப் பிடிக்கிறார். போன முறை எங்கள் வலியப்பா கையைக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது: "ஜெபத்துல பேரு சொல்லட்டும் மக்கா, பூத்துல நாம பாத்துக்கிடுவோம், கேட்டியா." சபை நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சபைக்குள் நடக்கிற டயோசிசன் (பேராயத்) தேர்தல்தான் உண்மையான சூடு. அணி பிரித்து நோட்டீஸ் அடித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாக ஏறுவார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு அந்த வேகத்தில் பாதிகூடப் பார்த்ததில்லை. ஆகவே பிரசங்கத்தில் சொன்ன கதையை விடுங்கள். சபையின் பிடி உங்கள் வாழ்க்கையில் நிஜமாக எங்கே இருந்தது? அதை எழுதுங்கள்.

ஆழ்கடல்:

தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரன், ஆர்.சி. எங்களில் ஆள் காணாமல் போனால் முதலில் யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதில்லை, கோயிலுக்குத்தான் (எங்கள் ஊரில் சர்ச்சைக் கோயில் என்போம்) போவோம். ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் கடைசியில் அதை வெளியூர்க்காரர்களும் பார்த்தார்கள். எங்கள் படகுகள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்பவை, எச்சரிக்கை வருவதற்கு முன்பே போயிருந்தன. யார் கடலில், யார் கரையில் என்ற கணக்கு அரசிடம் இல்லை. கோயில் அலுவலகத்தில் ஒரு நீள நோட்டைத் திறந்து வைத்து, அன்பியப் பொறுப்பில் (பங்குக்குள் சில வீடுகள் சேர்ந்த சிறு குழு) இருந்த அக்கா ஒருத்தர் எழுதிக்கொண்டே இருந்தார். படகின் பெயர், எந்தத் துறையில் இருந்து போனது, ஆளின் பெயர், அப்பா பெயர், கடைசியாக போனில் பேசிய நாள். லட்சத்தீவிலிருந்தோ மகாராஷ்டிரா, குஜராத் கரையிலிருந்தோ தகவல் வந்தால் பெயருக்கு நேரே ஒரு டிக். டிக் விழாத பெயர்களை அந்த அக்கா சத்தமாக வாசிக்க மாட்டார். நோட்டை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

அதிகாரிகள் சொன்ன எண்ணிக்கையும் நோட்டில் இருந்த எண்ணிக்கையும் ஒட்டவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் டிசம்பர் 7 அன்று குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தோம். இரவுவரை எழுந்திருக்கவில்லை. அங்கி போட்ட சாமியார்கள் (எங்கள் ஃபாதர்கள்) முன்னால் நின்றதைப் பார்த்து 'சபை தூண்டிவிட்டது' என்றார்கள். தூண்ட என்ன இருக்கிறது? ஆளைக் காணோம்! பிறகு, காணாமல் போனவர் இறந்ததாக எடுத்துக்கொள்ள ஏழு வருடம் காத்திருக்கும் விதியைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தார்கள். யாருக்கு என்று கேட்டபோது எங்கள் கையில் பட்டியல் இருந்தது.

இதோடு துறைமுகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் எங்கள் கடற்கரையில் இனயத்தில் பெரிய சரக்குத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை தலையாட்டியது. கடற்கரை முழுக்க எதிர்த்தது. அப்புறம் திட்டத்தைக் கோவளம், கீழமணக்குடி பக்கம் நகர்த்தினார்கள். எதிர்ப்பும் கூடவே போனது. 2019 எம்.பி. தேர்தலில் காங்கிரஸின் வசந்தகுமார் இரண்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்ததற்கு, எங்கள் பக்கத்தைப் பொறுத்தவரை, ஒக்கியும் துறைமுகமும்தான் காரணம். இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று சபையிலிருந்து சுற்றறிக்கை வந்ததா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஊர்ப்பேர் வேண்டாம்:

அந்த நோட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. என் அத்தை மகன் ஒரு தகராறில் ஊர்க் கமிட்டியிடம் சொல்லாமல் ஸ்டேஷனில் புகார் கொடுத்தான். ஊர்ப் பிரச்சினையை வெளியே கொண்டுபோனதற்கு அபராதம் போட்டார்கள். கட்டவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் பெயரை வாசித்தார்கள். அத்தை அன்று முக்காடை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக இறங்கிப் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை. அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம் கூடியது. ஓலை வாசிக்க (கல்யாண அறிவிப்பைப் பூசையில் படிக்க) கேட்டால் ஊர் வரி பாக்கியையும் அபராதத்தையும் தீர்த்துவிட்டு வரச் சொன்னார்கள். சாமியாரைக் கேட்டால் "கமிட்டி முடிவு, நான் என்ன செய்ய?" கமிட்டியைக் கேட்டால் "சாமியார் கையெழுத்துப் போட்டா எங்களுக்கு என்ன?" பெண் வீட்டில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கடைசியில் அத்தையின் செயின் அடகுக்குப் போனது. வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்படி இழுத்தடித்தால் மேலே மனுப் போடலாம், பேப்பரில் எழுதலாம். இங்கே ஊர்தான் அரசாங்கம், ஊரை எதிர்த்து யாரிடம் போவது?

நாஞ்சிலான்:

நான் இந்து, வெள்ளாளர் தெரு. எங்கள் அம்மா பிறந்தது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், அது 1838-இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் 1922-இல் அந்த ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே டாக்டராகத் தங்கியவர். எங்கள் தாத்தா படித்தது ஸ்காட் கல்லூரியில். சபையே இல்லாத குமரியை எனக்குக் கற்பனை செய்ய வராது.

அதே நேரம், 'சபை அரசியலுக்குள் வரக்கூடாது' என்பவர்களைப் பார்த்தாலும் சிரிப்புதான். எப்போது வெளியே இருந்தது? 1818 வாக்கில் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மீட் ஐயர் கொஞ்ச காலம் இங்கே நீதிபதியாகவே உட்கார்ந்திருக்கிறார். சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலாடை போட்டதற்காகச் சந்தையில் கிழிக்கப்பட்ட காலத்தில் மிஷனரிகள்தான் சென்னைவரை எழுதித் தள்ளினார்கள். 1859-இல் அன்று நம்மை ஆண்ட திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. எங்கள் முன்னோர் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை.

1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்தின்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மண்டைக்காடு அம்மன் கோயில் மாசிக் கொடை (திருவிழா) நேரம், துப்பாக்கிச்சூடு. எங்கள் தெருவுக்குத் தினமும் சாளையும் நெத்திலியும் கொண்டுவருகிற அம்மா வருவது நின்றுபோனது. வேறு யாரிடமும் மீன் வாங்க அம்மாவுக்கு மனமில்லை, வீட்டில் மரக்கறிதான். குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கமும் பேசினார். நீதிபதி வேணுகோபால் கமிஷன் உட்கார்ந்தது. மீன்காரம்மா திரும்ப வந்தபோது இரண்டு பேரும் கலவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, விலைதான் பேசினார்கள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் கமிட்டி, கொடி, மைக் எல்லாம் வந்துவிட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டதுதான்.

மார்த்தாண்டத்தான்:

நாஞ்சிலான் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரும் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய நேசமணி சபைக்காரர்தான், ஆனால் அந்தப் போராட்டத்தை அவர் சபையை வைத்து நடத்தவில்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் எங்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டு பட்டவர்கள் மொழிக்காக நின்றவர்கள். இதை மறந்துவிட்டு அவரை இன்று ஒரு பிரிவின் தலைவராகச் சுருக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆழ்கடல்:

ஊர்ப்பேர் வேண்டாம் அவர்களுக்கு: நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். எங்கள் பங்கிலும் ஒரு குடும்பத்துக்கு ஓலையை நிறுத்தினார்கள். அவர்கள் கமிட்டியிடம் கெஞ்சாமல் மறைமாவட்ட அலுவலகத்தில் எழுத்தாகவே கொடுத்தார்கள், அடுத்த ஞாயிறே வாசித்தாயிற்று. வாய்வழியாகச் சொன்னால் நடக்காது. 2014-இல் கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து குழித்துறை தனி மறைமாவட்டமாகப் பிரிந்துவிட்டது, உங்கள் பங்கு அதில் வருகிறதா, கோட்டாறிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். மனுவின் நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள்.