ஆயில் பிரஷர் மீட்டர் முள் உச்சியில் போய் நிற்கிறது, யாராவது உதவுங்கள்

ஈசூன்_கார்த்தி | சனி, இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். இன்று மதியம் முழுக்க உட்கார்ந்து அப்பாவின் காரில் எலெக்ட்ரிக் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றை மாட்டினேன். வயரிங் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் முள் நேராக உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. கெட்டது மீட்டரா, சென்சாரா? எப்படிக் கண்டுபிடிப்பது? நாளை காலை வண்டியை எடுக்க வேண்டும், கொஞ்சம் அவசரம்.

காக்கிபுக்கிட்_மணி | சனி, இரவு 11.58

எந்தக் கார், எந்த ஆண்டு? என்ன மீட்டர்? சென்சாரில் எத்தனை முனை இருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது தம்பி.

மீனா_மினி | ஞாயிறு, காலை 12.10

மீட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்கள்? பெட்ரோல் மீட்டர் வயரிலிருந்து எடுத்திருந்தால் கண்டிப்பாக அதுதான் கோளாறு. என் பழைய மினியில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா இருக்கிறது, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். மீட்டர்களுக்குப் போகும் மின்சாரத்தை அது 10 வோல்ட் அளவுக்குக் குறைத்து அனுப்பும். நான் முதலில் அதிலிருந்துதான் எடுத்தேன், பிரஷர் முள் துடித்துக்கொண்டே இருந்தது. ஃப்யூஸ் பெட்டியில், சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் முனையிலிருந்து எடுங்கள். ஒரு விஷயம்: சாலைக் கட்டணக் கருவிக்குப் போகும் வயரை மட்டும் தொடாதீர்கள்.

பழுதுபார்ப்பவன் | ஞாயிறு, காலை 7.05

டெஃப்லான் டேப் சுற்றியிருப்பார். அவ்வளவுதான் விஷயம். சென்சாருக்கு எர்த் அதன் உடல் வழியாக எஞ்சினுக்குப் போகிறது. மரையில் டேப்பைச் சுற்றினால் எர்த் போய்விடும், முள் உச்சிக்குப் போகும். இதை நான் இங்கே எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். பழைய பதிவுகளைத் தேடிப் படிக்காமல் நள்ளிரவில் கேள்வி போடுவது எதற்கு? மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. அப்பாவின் வண்டியில் கை பழகக் கூடாது.

ஈசூன்_கார்த்தி | ஞாயிறு, காலை 9.20

மன்னிக்கவும், விவரம் சொல்லாமல் விட்டுவிட்டேன். டொயோட்டா கொரோலா, கேஇ70, 1981. எஞ்சின் 4கே, 1,290 சிசி. மீட்டர் விடிஓ கம்பெனியுடையது, அழுத்தம் 0 முதல் 5 பார் வரை காட்டும், பழையது, ஒருவரிடம் 40 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். சென்சார் புதிது, அதுவும் விடிஓதான், தலையில் இரண்டு முனை. ஆயில் விளக்குக்கான பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே சென்சாரைப் பூட்டினேன். ஒரு முனையை மீட்டருக்கும் இன்னொன்றைப் பழைய விளக்கு வயருக்கும் கொடுத்தேன். கரண்ட் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து. டெஃப்லான் டேப் மூன்று சுற்று போட்டது உண்மைதான், கழற்றிப் பார்க்கிறேன்.

பழுதுபார்ப்பவன் | ஞாயிறு, காலை 9.31

நான் சொன்னேன்.

ஜாலான்புசார்_ரவி | ஞாயிறு, காலை 10.15

கழற்றும்போது மரையையும் பாருங்கள் தம்பி. உங்கள் சென்சாரில் என்ன மரை? 1/8 என்பிடி (அமெரிக்க மரை அளவு) என்று இருந்தால் நிறுத்துங்கள். ஜப்பான் எஞ்சினில் அந்த ஓட்டை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் மரை அளவு). இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றில் ஓர் அங்குலத்துக்கு 27 மரை, மற்றதில் 28. மரையின் கோணமும் 60க்கு 55. கையால் திருகினால் மூன்று நான்கு சுற்று சுகமாக உள்ளே போகும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். இறுகிவிட்டது என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு இன்னும் அரைச் சுற்று திருப்பினால் எஞ்சின் பிளாக்கின் மரை போய்விடும். ஒரு பக்கம் பிஎஸ்பிடி, மறு பக்கம் என்பிடி உள்ள பித்தளை அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. சில வெள்ளியைப் பார்த்துப் பிளாக்கைப் பாழாக்கிவிடாதீர்கள்.

காக்கிபுக்கிட்_மணி | ஞாயிறு, காலை 10.40

டேப் என்று எனக்குத் தோன்றவில்லை. இறுக்கும்போது மரையின் முனைகள் டேப்பை அறுத்துக்கொண்டு இரும்பைத் தொட்டுவிடும், பெரும்பாலும் எர்த் கிடைத்துவிடும். சென்சாரின் வகை வேறாக இருக்கலாம். 0-10 பார் சென்சார், 0-5 பார் சென்சார் இரண்டிலும் மின்தடை 10 முதல் 180 ஓம் வரைதான், அழுத்தம் ஏற ஏற ஏறும். அமெரிக்க வகை இதற்குத் தலைகீழ், அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33. அந்த வகை வந்திருந்தால் முள் உச்சியில் நிற்கும். சென்சாரின் உடலில் அச்சடித்திருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்.

துவாஸ்_செல்வம் | ஞாயிறு, மதியம் 1.25

கார்த்தி, யாரும் கேட்காத ஒரு கேள்வி. முள் எப்போது உச்சிக்குப் போகிறது? சாவியைத் திருப்பிய உடனேயா, எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகா? பதில் எழுதும் முன் காரில் போய் உட்கார்ந்து பாருங்கள், நினைவிலிருந்து சொல்லாதீர்கள். இன்னொன்று, டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு இப்போது என்ன செய்கிறது?

ஈசூன்_கார்த்தி | ஞாயிறு, மாலை 4.50

அண்ணே, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். சாவியைத் திருப்பினால் முள் பூஜ்யத்தில் இருக்கிறது. ஸ்டார்ட் ஆன ஒரு நொடியில் உச்சிக்குப் போய் நிற்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் அசைவே இல்லை. விளக்கு எரிகிறது, அணைகிறது, ஆனால் முழுசாக அணையவில்லை. நிறுத்துமிடத்தின் மூன்றாவது மாடி கொஞ்சம் இருட்டு, அங்கேதான் தெரிந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போது விளக்கின் நடுவில் சாம்பல் மூடிய கரிபோல ஒரு சிவப்பு. வேகம் ஏற்றினால் அது மங்கிப்போகிறது, குறைத்தால் திரும்ப வருகிறது. வண்டி சூடேறியதும் இன்னும் கொஞ்சம் பிரகாசம். பல்பு பழையது, அதனால் இருக்கும் என்று நினைத்து இதை எழுதவில்லை. சென்சாரின் மரை 1/8 என்பிடிதான். நான்கு சுற்று போனது, அடியில் லேசாக எண்ணெய் கசிந்திருக்கிறது.

துவாஸ்_செல்வம் | ஞாயிறு, மாலை 5.35

மீட்டரும் கெடவில்லை, சென்சாரும் கெடவில்லை. இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.

சென்சாரின் தலையில் ஒரு முனை அருகே ‘ஜி’ என்றும் மற்றதன் அருகே ‘டபிள்யூகே’ என்றும் பொறித்திருக்கும். எழுத்து மிகச் சின்னது, டார்ச் அடித்துப் பாருங்கள். ‘ஜி’ மீட்டருக்கு. ‘டபிள்யூகே’ விளக்குக்கு. கப்பல் பட்டறையில் ஜெனரேட்டர் எஞ்சின்களில் இதே சென்சாரை நிறைய மாட்டியிருக்கிறேன், புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் மாற்றிப் போடுவார்கள்.

காரணத்தையும் சொல்கிறேன், நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ‘டபிள்யூகே’ வெறும் சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது மூடி எர்த்தைத் தொடும், அழுத்தம் வந்ததும் திறந்துவிடும். அதில் உங்கள் மீட்டர் தொங்குகிறது. சாவி போட்டதும் மூடிய சுவிட்ச் வழியாக எர்த், அதனால் பூஜ்யம். எஞ்சின் ஓடியதும் சுவிட்ச் திறக்கிறது, வயர் அறுந்ததுபோல ஆகிறது, முள் உச்சிக்குப் போகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் அதற்கு வேறு நிலையே கிடையாது.

விளக்கு உட்கார்ந்திருப்பது ‘ஜி’யில். அழுத்தம் இல்லாதபோது அங்கே 10 ஓம்தான், விளக்கு நன்றாக எரியும். அழுத்தம் ஏற ஏற ஓம் ஏறும், விளக்கு மங்கும், முழுசாக அணையாது. நீங்கள் பல்பு பழசு என்று நினைத்த அந்தக் கரி நெருப்புதான் உங்கள் ஆயில் பிரஷர். வேகம் ஏற்றும்போது மங்குகிறது என்றால் அழுத்தம் ஏறுகிறது. சூடானதும் பிரகாசம் கூடுகிறது என்றால் எண்ணெய் இளகி அழுத்தம் இறங்குகிறது. உங்கள் சென்சார் நன்றாகவே வேலை செய்கிறது, அதன் பேச்சைத் தவறான ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எர்த் போயிருந்தால் சாவியைத் திருப்பிய உடனேயே, எஞ்சின் ஓடாமலேயே, முள் உச்சிக்குப் போயிருக்கும். அமெரிக்க சென்சாராக இருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் எப்போது என்று கேட்டேன்.

இப்படியே அதிக நாள் ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் விளக்கின் மின்னோட்டத்துக்காகச் செய்தது அல்ல. வயர்களைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரால் பாருங்கள், எஞ்சின் ஓடாதபோது ‘ஜி’க்கும் உடலுக்கும் நடுவில் 10 ஓம் அளவு, ‘டபிள்யூகே’க்கும் உடலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். மல்ட்டிமீட்டர் இல்லையென்றால் சிம் லிம் டவரில் சாதாரணமானது ஒன்று போதும்.

பழுதுபார்ப்பவன் | ஞாயிறு, மாலை 6.02

இருக்கலாம். ஆனால் டேப் சுற்றியது தவறுதான். இந்தத் தொல்லையெல்லாம் எலெக்ட்ரிக் மீட்டரால் வருவது. மெக்கானிக்கல் மீட்டரில் ஓமும் கிடையாது, எர்த்தும் கிடையாது. ஒரு செப்புக் குழாய், நேராக எண்ணெயே வந்து முள்ளைத் தள்ளும். நம்பகம் என்றால் அதுதான்.

மீனா_மினி | ஞாயிறு, மாலை 6.20

அந்த எண்ணெய் காருக்குள் வருகிறதே அண்ணா. என் மினியை முதலில் வைத்திருந்தவர் நைலான் குழாய் போட்டிருந்தார். ஒரு நாள் அது விரிசல் விட்டு, சூடான எண்ணெய் என் செருப்பில் சொட்டியது. அன்றைக்கே எலெக்ட்ரிக்குக்கு மாறிவிட்டேன்.

பழுதுபார்ப்பவன் | ஞாயிறு, மாலை 6.27

நைலான் போட்டவர் தவறு. நான் சொன்னது செம்பு.

காக்கிபுக்கிட்_மணி | ஞாயிறு, மாலை 6.44

செம்பும் அதிர்வில் இறுகி உடையும், நடுவில் ஒரு சுருள் விட்டால்தான் தாங்கும். அது கிடக்கட்டும். கார்த்தி, சூடானதும் அழுத்தம் இறங்குகிறது என்றால் என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்? இந்த எஞ்சினுக்கு நம் ஊர் வெயிலில் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான எண்ணெயை ஊற்றுங்கள். மெல்லிய எண்ணெயெல்லாம் புது வண்டிக்கு.

ஜாலான்புசார்_ரவி | ஞாயிறு, இரவு 7.10

எஞ்சின் தேய்ந்திருக்கிறதா என்று தெரியாமலே 50ஐ ஊற்றச் சொல்லாதீர்கள் மணி. மீட்டரில் எண் ஏறும், மனசுக்கு நிம்மதி, ஆனால் அழுத்தம் ஏறுவதும் எண்ணெய் ஓடுவதும் ஒன்றல்ல. கெட்டியான எண்ணெயைத் தள்ள முடியாமல்தான் அழுத்தம் ஏறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகும்.

காக்கிபுக்கிட்_மணி | ஞாயிறு, இரவு 7.22

எந்தக் காலை? நம் ஊரில் காலை 25 டிகிரி. முன்னால் வரும் 20டபிள்யூ என்ற குளிர்நிலை எண்ணை −15 டிகிரியில் அளக்கிறார்கள், 10டபிள்யூ −25 டிகிரியில். ஈசூனில் பனி பெய்யும் நாளில் அதைப் பற்றிக் கவலைப்படலாம். நமக்கு முக்கியம், அதற்கு அடுத்து வரும் எண்தான். 100 டிகிரியில் எண்ணெயின் கெட்டித்தன்மை, 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. தீவு விரைவுச்சாலையில் நெரிசலில் நிற்கும் பழைய எஞ்சினுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

ஜாலான்புசார்_ரவி | ஞாயிறு, இரவு 7.40

அந்த வாதத்தை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 10டபிள்யூ-40 போதாது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு எண் முக்கியமில்லை, கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவதுதான் முக்கியம்.

மீனா_மினி | ஞாயிறு, இரவு 8.05

அவர் கிளாசிக் திட்டத்தில் இருக்கிறார் என்று எங்கே சொன்னார்? வாகன உரிமையைப் புதுப்பித்துத் தினமும் ஓட்டலாம் இல்லையா? இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் முதலில் வயரை மாற்றட்டும்.

துவாஸ்_செல்வம் | ஞாயிறு, இரவு 9.15

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. ரவி சொன்ன அடாப்டரைப் போடுங்கள், டேப்புக்குப் பதிலாகத் திரவ சீலண்ட், மரையின் நுனியில் ஒரு சுற்றை விட்டுவிட்டுப் பூசுங்கள். ஆனால் அந்த சென்சார் கனமானது, சின்ன டின் மாதிரி. அடாப்டர் நுனியில் அதைத் தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் பித்தளை விரிசல் விடும். முடிந்தால் கம்பி பின்னிய குழாய் ஒன்று வாங்கி, சென்சாரை எஞ்சினிலிருந்து தள்ளி, எஞ்சின் அறைக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரில் பூட்டுங்கள். அப்படிச் செய்தால் சென்சாரின் உடலிலிருந்து எர்த்துக்குத் தனி வயர் கட்டாயம். அதை மறந்தால் முள் மறுபடியும் உச்சிக்குப் போகும், அப்போது பழுதுபார்ப்பவன் சொன்னது சரியாகிவிடும்.

மீனா_மினி | செவ்வாய், இரவு 10.30

கார்த்தி, என்ன ஆயிற்று?

ஈசூன்_கார்த்தி | வியாழன், இரவு 11.15

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரவு வேலை. வயர் இரண்டையும் மாற்றினேன், சரியாகிவிட்டது. செல்வம் அண்ணே, எழுத்து இருந்தது, கிரீஸ் அப்பியிருந்ததால் தெரியவில்லை. குளிர்ந்த எஞ்சினில் 4 பார், விரைவுச்சாலையில் 3, சூடாகி சிக்னலில் நிற்கும்போது 0.8. விளக்கு இப்போது முழுசாக அணைகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த அப்பா வழியெல்லாம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நன்றி.

காக்கிபுக்கிட்_மணி | வெள்ளி, காலை 7.50

சிக்னலில் 0.8 என்றால் பயப்பட வேண்டாம், 11 பிஎஸ்ஐக்கு மேல். விரைவுச்சாலையில் 3 நல்ல எண். ஆனால் என்ன எண்ணெய் என்று இன்னும் சொல்லவில்லையே?

ஜாலான்புசார்_ரவி | வெள்ளி, காலை 8.12

எண்ணெயை விடுங்கள். கார்த்தி, அடாப்டர் போட்டீர்களா? இல்லை, அந்த என்பிடி சென்சாரையே திரும்பவும் இறுக்கிவிட்டீர்களா?

ஜாலான்புசார்_ரவி | திங்கள், இரவு 9.40

கார்த்தி?