கல்யாணக் கெடுபிடிக்கு நடுவே காதல் வந்தது எப்படி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தெப்பக்குளத்துக்காரி எழுதியது:

எங்கள் வீட்டில் என் கல்யாணப் பேச்சு குருப்பெயர்ச்சியோடு தொடங்கும். ராசிக்கு இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று ஆகிய இடங்களில் குரு இருந்தால் குரு பலன். ஏறக்குறைய ஓராண்டில் அவர் இடம் மாறிவிடுவார், அதற்குள் முடித்தாக வேண்டும் என்பது அப்பத்தாவின் கணக்கு. ஆடியில் பேச்சு ஓயும், ஆவணியில் கிளம்பும். மார்கழியில் ஓயும், தை பிறந்ததும் மறுபடி கிளம்பும். எனக்குச் சித்திரைதான் மிகவும் கஷ்டம். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சுமங்கலிகள் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். மஞ்சளும் குங்குமமும் கைமாறும் அந்த நேரத்தில், பக்கத்தில் நிற்கும் கல்யாணமாகாத பெண்ணை எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் பார்ப்பதில்லை. ஆனாலும் அதைத் தாங்கி நிற்பது பெரும்பாடு.

"வீட்டில் பார்ப்பதற்குள் நீயே ஒருவரைப் பார்த்துக்கொள்" என்று தோழிகள் சொன்னபோது, காதலுக்கும் ஒரு கெடு வைத்தது போலத்தான் இருந்தது.

புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது. குரூப் தேர்வுக்குப் படிக்க அங்கே போய்க்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் வழக்கமாக உட்காருபவரிடம் பழைய வினாத்தாள்கள் நிறைய இருந்தன. ஒருநாள் கேட்டேன். உடனே தரவில்லை. பென்சிலால் தான் குறித்திருந்த விடைகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, ரப்பர் துகளை ஊதித் தள்ளிவிட்டுத் தந்தார். "விடை தெரிந்தால் நீங்கள் யோசிக்க மாட்டீர்கள்" என்றார். பிறகு மாலையில் பருத்திப்பால் குடிக்கும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது.

சில மாதங்கள் கழித்து, என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னார். அடுத்து அவர் சொன்னதைத்தான் இங்கே எழுத வந்தேன். "பதில் இப்போது வேண்டாம். வேண்டாம் என்பது உங்கள் பதிலானாலும் படிக்க வருவதை நிறுத்திவிடாதீர்கள். நான் வேறு மேஜைக்குப் போய்விடுகிறேன்." மறுநாள் சொன்னபடியே தள்ளி உட்கார்ந்தார். என் பக்கம் பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. மறுத்தாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், எனக்கு என்ன வேண்டும் என்று நிம்மதியாக யோசிக்க முடிந்தது. தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் நானே அவர் மேஜைக்குப் போனேன்.

மேலூர்த் தம்பி எழுதியது:

அக்கா, ஆண்களுக்கும் இந்த நெருக்கடி உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் தங்கை இருக்கும் வீட்டில் அண்ணன் தன் பேச்சை எடுக்கக் கூடாது. தங்கைக்கு நகை சேர்த்து, கடனை அடைத்து, வீட்டுக்குத் தளம் போட்ட பிறகுதான் அவன் முறை. என்னோடு வேலை பார்த்த பெண்தான் முதலில் மனதைச் சொன்னார். என் வீட்டு நிலையைச் சொன்னேன். "எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று சொல்லி உங்களை ஒருநாளும் விரட்ட மாட்டேன். என் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் முடிவு எடுத்தால் அதை என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்" என்றார். தங்கை கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவர் அவர். அம்மா அன்றே கண்டுபிடித்துவிட்டார்.

திருமங்கலத்திலிருந்து ஒருத்தி எழுதியது:

எங்கள் இருவருக்கும் சாதி வேறு. வீட்டைவிட நண்பர்கள்தான் அதிகம் அவசரப்படுத்தினார்கள். இன்றைக்கே மாலை மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்களுடைய அக்கறை புரிகிறது. உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, உடனே பாதுகாப்புத் தேட வேண்டும். எங்களுக்கு அந்த நிலை இல்லை. அவசரத்தில் தாலி கட்டியே தீர வேண்டும் என்றும் யாரும் சட்டம் போடவில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அதை அலுவலகத்தில் ஒட்டுவார்கள் என்பதை நாங்கள் தெரிந்துகொண்டோம். இருவரும் இந்துக்கள் என்றால், தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் செல்லும். வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழி திறந்திருக்கிறது என்று தெரிந்ததுமே பதற்றம் அடங்கிவிட்டது. இப்போது அவர் என் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் வாசலில் நிற்க வைத்துப் பேசுவதை விட்டுவிட்டார்.

சிம்மக்கல் வாசகி எழுதியது:

தெப்பக்குளத்து அக்கா, ஒரு கேள்வி. அவர் தள்ளி உட்கார்ந்திருந்த காலத்தில், வேறு யாரையாவது பார்த்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் வரவில்லையா?

தெப்பக்குளத்துக்காரி எழுதியது:

வந்தது, தங்கச்சி. போனால் போகட்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காகச் சரி என்று சொன்னால், அப்பத்தாவின் குரு பலனுக்காகச் சரி என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துப் பார்த்தேன். உங்களுக்கு யாரேனும் இருக்கிறார்களா?

சிம்மக்கல் வாசகி எழுதியது:

இல்லை அக்கா. காதலிக்கவில்லையே என்ற குறையும் எனக்கு இல்லை. ஆவணி வந்தால் தரகர் வருவார். நானும் பையனும் பழகிப் பார்க்க நேரம் தராத வரன் எதையும் எடுத்துவர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். அதை நாங்கள் இருவரும் பேசிவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். சரி, தரகரிடம் அப்படியே சொல்கிறேன் என்றிருக்கிறார்.