முழங்கைத் தேய்மானம்: ஸ்கோப்பில் எது போகும், எது போகாது

பிசியோ, அஸ்தம்பட்டி:
கொலுசுப் பட்டறையில் சுத்தியல் பிடிப்பவர், மூட்டை தூக்குபவர்... பாடுபட்ட கையில்தான் இந்தத் தேய்மானம் அதிகம், அதுவும் பழகிய கையில். ஸ்கோப் (சின்னத் துளை வழியே கேமராக் குழாய் விட்டு மூட்டைச் சரிசெய்வது) பண்ணலாமா என்று கேட்குமுன் வலி எப்போது வருகிறது என்று பாருங்கள். தண்ணீர் பக்கெட்டைக் கை தொங்கத் தூக்கினால் சுருக்கென்கிறது, காலர் பட்டனுக்குக் கை எட்டவில்லை, நடுவில் ஆட்டினால் ஒன்றுமில்லை என்றால் எலும்பு முள் (மூட்டோரம் முளைத்த கூடுதல் எலும்பு) இடிக்கிறது. கதவிடுக்கில் கல் சிக்கிய கதைதான். எடுத்தால் வலி நன்றாகக் குறையும். பாதி மடக்கிய நிலையில் சும்மா அசைத்தாலே வலி என்றால் குருத்தெலும்பே போய்விட்டது. ஸ்கோப் அதை வளர்த்துத் தராது. ஆபரேஷனுக்குப் பிறகு "காசு வீண்" என்பவர்களில் இந்த ரகம்தான் அதிகம்.

ஆர்த்தோ, சேலம்:
பிசியோ சார் சொன்னதோடு ஒன்று. மூட்டுக்குள் உதிர்ந்த எலும்பு, குருத்தெலும்புத் துண்டுகளை மட்டும் எடுத்தால் கை பூட்டிக்கொள்வது நிற்கும், விறைப்பு நிற்காது. பின்னால் ஒலெக்ரானன் (முழங்கை முனை எலும்பு) நுனி, அது உட்காரும் குழி, முன்னால் கொரோனாய்டு (அதே எலும்பின் முன்பக்க முனை) நுனி எல்லாவற்றிலும் முள்ளைச் செதுக்கி, மூட்டைச் சுற்றி இறுகிய உறையையும் விடுவிக்க வேண்டும். முள் எங்கெங்கே என்று எக்ஸ்ரேயில் முழுசாகத் தெரியாது. சிடி ஸ்கேன் வேண்டும்.

4 மி.மீ. ஸ்கோப் நுழையுமுன் 20 மி.லி. அளவு சலைன் (உப்பு நீர்) ஏற்றி மூட்டை உப்ப வைப்போம். நரம்பு எலும்பைவிட்டு விலகும். ஆனால் உறையைவிட்டு விலகாது! முன்பக்க உறையை வெட்டும்போது ரேடியல் நரம்புக்கு (மணிக்கட்டையும் விரலையும் நிமிர்த்தும் நரம்பு) ஆபத்து வருவது இதனால்தான். விறைத்த மூட்டு சலைனையும் குறைவாகத்தான் வாங்கும், இடமே இருக்காது. முழங்கை ஸ்கோப்பில் கை பழகியவரிடம் போங்கள் என்பது இதற்காக.

இன்னொன்று அல்னார் நரம்பு, முழங்கையின் உள்பக்கம் ஓடுவது. முன்பு 90 டிகிரிகூட (நேராக நீட்டிய கை 0) மடங்காத கை திடீரென்று 120 மடங்கினால் அந்த நரம்பு இழுபடும். சுண்டு விரல், மோதிர விரல் மரத்துப்போகும். அப்படிப்பட்டவர்களுக்குச் சின்னக் கீறல் போட்டு நரம்பையும் அதே மேசையில் தளர்த்திவிடுவது நல்லது.

எஸ்டேட் நர்ஸ், ஏற்காடு:
மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு: 20 கொண்டை ஊசி வளைவிலும் ஆபரேஷன் ஆன கையால் கம்பியைப் பிடிக்காதீர்கள். கையைத் தொங்கவிட்டால் வீங்கும், தலையணை மேல் வைத்து வாருங்கள். முழங்கையின் வெளிப்பக்கத் துளையில் தோல் மெலிசு, நீர் கசியும். கசிவு நிற்காமல் காய்ச்சலும் சேர்ந்தால் வீட்டு மருந்து வேண்டாம், அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.

பிசியோ, அஸ்தம்பட்டி:
சிஸ்டர் சொன்னது சரி. மேசையில் கிடைத்த அசைவு வீட்டில் தொலைவதுதான் இங்கே பெரிய நஷ்டம். மறுநாளே ஆட்டத் தொடங்கணும். விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, நீட்டலிலும் மடக்கலிலும் பத்துப் பத்து, கடைசியில் சில நொடி நிறுத்தி. கழுத்துத் தொட்டிலிலேயே வாரக்கணக்கில் போட்டு வைத்தால் உறை மறுபடி இறுகும். எண்ணெய் போட்டு நீவி, இன்னொருவர் முறுக்கி மடக்குவது அறவே கூடாது. வீக்கம் ஏறும், தசைக்குள் எலும்பு வளரவும் வழி.

சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது போன்ற அன்றாட வேலைகளுக்கு 30 முதல் 130 டிகிரி போதும். கடைசிப் பத்து டிகிரி நீட்டல் வராவிட்டால் மனசு உடைய வேண்டாம்.

ஆர்த்தோ, சேலம்:
வருஷங்கள் போனால் முள் மறுபடி வளரலாம், எல்லோருக்கும் வலி திரும்பாது. "எதற்கு ஸ்கோப், மூட்டையே மாற்றிவிடுங்க" என்று கேட்கிற 45 வயதுக்காரர்களுக்கு: செயற்கை முழங்கை போட்டால் ஆயுசுக்கும் 5 கிலோவுக்குள்தான் தூக்கலாம், அதுவும் எப்போதாவது. பட்டறை வேலைக்கு அது ஒத்துவராது.