ஹெடி டாப்பர்: குடித்தவர்கள் சொல்லுங்கள்

ஹெடி டாப்பர் பீரை, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் ஸ்டோவில் இருக்கும் தி ஆல்கெமிஸ்ட் பீர் ஆலையிலேயே போய் வாங்கினேன். டபுள் ஐபிஏ, அதாவது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்ட வகை, ஆல்கஹால் 8 சதவீதம். கேனிலிருந்தே குடிக்கச் சொல்லி மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு நிறம் பார்க்காமல் தீராது, பாதியைக் கிளாஸில் ஊற்றினேன். வடிகட்டாத பீர் அல்லவா, கலங்கலான மஞ்சள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் கசப்புதான் முன்னால் நிற்கிறது. கொஞ்சம் குளிர் விட்டதும் வாசனை கிளம்புகிறது. முதலில் பம்பளிமாஸ் தோல், அடுத்து பீச், அப்புறம் மாம்பழம். மாம்பழம் என்றால் பழுத்த சதை மட்டும் இல்லை, காம்பைக் கிள்ளினால் வடியும் பாலின் அந்தக் காரமான வாடையும் சேர்த்து. மிர்சீன் என்ற பொருள் மாங்காயிலும் உண்டு, ஹாப்ஸிலும் உண்டு, அதனால் இது என் மூக்கின் கற்பனை இல்லை. மற்றபடி இதில் பழம் எதுவும் போடுவதில்லை. பீச் வாசனையில் கோனன் என்கிற அவர்களுடைய ஈஸ்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தித்திப்பு குறைவு. விழுங்கியபின் பைன் பிசின் கசப்பு அடிநாக்கில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த 8 சதவீதம் வாயில் தெரியவில்லை, எழுந்து நடந்தபோதுதான் தெரிந்தது!

—

அதே வெர்மான்டில் வாட்டர்பரி என்ற ஊரில் ஆல்கெமிஸ்ட்காரர்கள் பப் நடத்திய காலத்தில் குடித்தவன் நான். அப்போது வெளியே எடுத்துப்போக விற்க மாட்டார்கள். கிளாஸோடு கழிவறைக்குப் போய் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கிளம்பியவர்கள் கதையெல்லாம் உண்டு. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் பப்பை நாசமாக்கியது. சில நாட்களிலேயே கேன் வந்துவிட்டது. கேனில் குடிப்பதுதான் சரி என்பேன். கிளாஸில் ஊற்றினால் வாசனை பறந்துவிடும் நண்பரே.

—

வாசனை பறக்கக் கிளாஸே வேண்டாம், கடை அலமாரி போதும். இதே வகையில் வேறொரு பீரை எங்கள் ஊர்க் கடையில் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்து எடுத்தேன். ஊற்றினால் அழுக்குப் பழுப்பு, நனைந்த அட்டைப்பெட்டி வாடை. காற்றுப்பட்டால் ஹாப்ஸ் வாசனைதான் முதலில் போகும், சூடு அதை இன்னும் விரட்டும். கேனின் அடியைத் திருப்பினால் தேதி நான்கு மாதம் பழையது. அதற்காக அன்றன்று அடைத்ததும் வேண்டாம். ஒருமுறை அப்படி ஒன்றைக் குடித்துத் தொண்டையில் மிளகு தூவியதுபோல எரிந்தது. அதே பேக்கில் மீதி இருந்த கேன்களை ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் திறந்தேன், எரிச்சல் அடங்கி அன்னாசி வாசனை தூக்கலாக இருந்தது.