நடுவில் மெலிந்த ஸ்போக்ஸ் கம்பி ஜவ்வாது மலையைத் தாங்குமா?

பாலாற்றங்கரை:

மலைச் சைக்கிளுக்குப் புதிய சக்கரம் கட்ட வழி கேட்ட அமிர்தித் தம்பிக்குக் கோட்டைவாசல் ஐயா நேற்று இந்த மன்றத்தில் ஒரே வரியில் தீர்ப்பு வழங்கியிருக்கிறார்: "நடுவில் மெலிந்த கம்பி தார்ச்சாலைக்காரர்களின் ஆடம்பரம்; ஜவ்வாது மலைக்கு முனை முதல் முனை வரை 2 மி.மீ. தடித்த கம்பிதான் நிற்கும்." இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை. ஸ்போக்ஸ் கம்பி பெரும்பாலும் முறியும் இடம் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) விளிம்புத் துளைக்குள் நுழைந்து திரும்பும் வளைவு. சில வேளைகளில் நிப்பிளுக்குள் (கம்பியை ரிம்மில் பிணைக்கும் சிறு மரைக்குமிழுக்குள்) மரை தொடங்கும் இடம். இரு முனைகளையும் 2 மி.மீ. ஆகவே விட்டு நடுவை மட்டும் 1.8 மி.மீ. ஆக்கிய கம்பியில் இந்த இரண்டு இடங்களும் முழுத் தடிமனோடுதான் இருக்கின்றன. சக்கரம் ஒவ்வொரு முறை உருளும்போதும், தரைப்பக்கம் வரும் கம்பி தளர்ந்து மேலே போகையில் மீண்டும் இறுகுகிறது. 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர், அப்படியானால் 1000 கிலோமீட்டருக்குள் இது 4 லட்சம் முறைக்கு மேல் நடக்கிறது. இந்த அயர்ச்சிதான் வளைவை முறிக்கிறது. நடுப்பகுதி மெலிந்திருந்தால் கம்பி சற்றுக் கூடுதலாக நீண்டு கொடுத்து, சுமையைப் பக்கத்துக் கம்பிகளுக்கும் பகிர்ந்து, வளைவைக் காப்பாற்றுகிறது.

கோட்டைவாசல்:

என் தந்தையார் காலத்திலிருந்து வேலூரில் சக்கரம் கட்டி, கோட்டம் எடுத்து (கோணலை நேராக்கி) வரும் குடும்பம் எங்களுடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு வேண்டுமென்றால் கணக்கே தருகிறேன். 2 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 3.14 சதுர மி.மீ.; 1.8 மி.மீ. கம்பியின் பரப்பு 2.54. ஐந்தில் ஒரு பங்கு எஃகைச் சீவி எறிந்துவிட்டு, அதற்கே கூடுதல் விலையும் கொடுத்துவிட்டு, "இதுதான் நீடிக்கும்" என்று சொல்வதை எந்தப் பட்டறையில் ஒப்புக்கொள்வார்கள்? இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஓடுகத்தூர்ச் சாலையில் விடியற்காலையில் ஓடிய சைக்கிள்களின் சக்கரத்தைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். மெலிந்தது மெலிந்ததுதான்.

பாலாற்றங்கரை:

பால் கேன் சைக்கிளை இழுத்ததற்கு நன்றி; அதையே எடுத்துக்கொள்வோம். பழைய பெரிய சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 கம்பியும் பின் சக்கரத்தில் 40 கம்பியும் இருந்தன, ரிம்மோ எஃகு. இன்றைய மலைச் சைக்கிளில் ரிம் அலுமினியம், கம்பி 32 அல்லது 28. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுத் தடிமனை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன பயன்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லில் மோதும்போது கீழ்க்கம்பி தூணாக நின்று சுமையைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கம்பியால் தள்ள முடியாது, இழுக்க மட்டுமே முடியும். மோதும் கணத்தில் கீழே உள்ள கம்பிகள் தளர்கின்றன. முற்றிலும் தளர்ந்துவிட்டால் நிப்பிள் தானாகத் திரும்பத் தொடங்கும், பிறகு கோட்டம் வரும். 100 கிலோ இழுவையில் முழுத் தடிமன் கம்பி 0.45 மி.மீ. போல நீளும் என்றால், நடு மெலிந்தது அரை மில்லிமீட்டரைத் தாண்டும். அந்தச் சிறு கூடுதல்தான் அடி விழும்போது கம்பி முற்றிலும் தளராமல் காக்கிறது. முறிவது வளைவு ஐயா, நடு அல்ல.

அமிர்தி:

அண்ணன்மார்கள் இருவருக்கும் வணக்கம். கேட்டவன் நான் என்பதால் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிம் அளவு 622 மி.மீ. (29 அங்குலச் சக்கரம்), உள் அகலம் 30 மி.மீ., டயர் 2.4 அங்குலம், முன் ஹப் 110 மி.மீ. அகலமும் 15 மி.மீ. அச்சும், பின் ஹப் 148 மி.மீ. அகலமும் 12 மி.மீ. அச்சும் கொண்டவை, இரண்டிலும் டிஸ்க் பிரேக். 28 துளையா, 32 துளையா என்பதுதான் என் முதல் கேள்வி. மேலும், நீங்கள் இருவரும் "தாங்கும்" என்று சொல்வது ஒரே பொருளிலா? ஒருவர் அறுபடும் எடையையும் மற்றவர் அயர்ச்சியையும் பேசுவதாகத் தோன்றுகிறது.

கோட்டைவாசல்:

தாங்கும் என்றால் தாங்கும், அவ்வளவுதான் தம்பி. நடுவில் மெலிந்த கம்பியை இறுக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும் என்பதை மேலே எழுதியவர் ஏன் மறைத்தார்? நிப்பிளைத் திருப்பினால் மரை ஏறாமல் கம்பியே திரும்பி நிற்கும். பட்டறையில் நேராக இருக்கும் சக்கரம், முதல் சவாரியில் 'டிங் டிங்' என்று முறுக்கு அவிழ்ந்து கோணிப்போகும். பீமன் அருவிப் பக்கம் கோணிய சக்கரத்தோடு ஒருவரைத் தள்ளிக்கொண்டு வரவைத்தவை இத்தகைய கம்பிகள்தாம்.

குடியாத்தம்:

முறுக்கு வரும் என்பது உண்மை, ஆனால் அது கம்பியின் குற்றமன்று, கட்டுபவரின் குற்றம். நான் என் சக்கரங்களை நானே கட்டுகிறேன். ஒவ்வொரு கம்பியிலும் சிறு ஒட்டுநாடாவைக் கொடிபோல ஒட்டிவிட்டால் அது திரும்புவது கண்ணுக்குத் தெரியும். தேவைக்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்பிவிட்டுப் பின்னோக்கி அவிழ்த்தால் முறுக்கு போய்விடும். கட்டி முடித்ததும் இணைக் கம்பிகளைக் கையால் சேர்த்து நன்றாக அழுத்திப் படியவைக்க வேண்டும். தம்பிக்கு: டிஸ்க் பிரேக்கின் முறுக்குவிசை இருப்பதால் கம்பிகளைக் குறுக்கிடாமல் நேராக அடிக்கக் கூடாது, ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் கடக்கும் மூன்று குறுக்குப் பின்னலே போட வேண்டும், மலைக்கு 32 துளையே போதுமானது, நல்லது.

வாணியம்பாடியான்:

கம்பியிலேயே எல்லோரும் தொங்குகிறீர்கள், ஹப்பை யாரும் பேசவில்லை. பாலாற்று மணலில் முதலில் சாவது பால்ரஸ். கோனும் கப்பும் (குண்டுகள் உருளும் கூம்பும் கிண்ணமும்) கொண்ட ஷிமானோ ஹப் என்றால், எந்தச் சிற்றூர்க் கடையிலும் குண்டு வாங்கிக் கிரீஸ் போட்டுப் பூட்டிவிடலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை:

ஏலகிரியின் 14 வளைவும் தார்ச்சாலை. அது மலைச் சவாரிக்குச் சான்றாகாது. மணலில் கோன் ஹப்பைக் கவனிக்காமல் விட்டால் கப்பில் குழி விழும், பிறகு ஹப்பையே மாற்ற வேண்டும். அடைத்த பேரிங் தேய்ந்தால் பேரிங் மட்டும்தான் செலவு. 15 மி.மீ. அச்சுள்ள பல முன் ஹப்களில் வருவது 6902: உட்துளை 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மி.மீ. எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். டியூப்லெஸ் விவாதத்தின்போதும், சீமைக் கருவேல முள்ளுக்கு டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைப்புத் திரவம் தேவையில்லை என்று சாதித்தவர் இவரே என்பதை நான் மறக்கவில்லை.

வாணியம்பாடியான்:

பழைய விவாதத்தை இழுப்பது, சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர் செய்யும் வேலை. தார்ச்சாலை இருப்பதால் ஏலகிரி மலையல்லாமல் போய்விடவில்லை. கற்படிகளில் ஏறும்போது மிதித்தவுடன் ஹப் பற்ற வேண்டும். பின் ஹப்புக்குள் மிதியைப் பற்றும் பல்லமைப்பான ராட்செட்டில் 18 பல் இருந்தால் 20 பாகை சுழன்ற பிறகே பற்றும், 54 பல் 7 பாகைக்குள் பற்றிவிடும். இதை விட்டுவிட்டுக் கம்பியின் இடுப்பளவைப் பற்றி இத்தனை பத்தி எழுதுகிறார்.

பாலாற்றங்கரை:

எழுதத்தான் செய்வேன், ஏனென்றால் தவறான ஆலோசனையால் நாளை காட்டுக்குள் நிற்கப்போவது அந்தத் தம்பி. பின் சக்கரத்தில் பல்சக்கரப் பக்கத்துக் கம்பி செங்குத்தாக நிற்பதால் அதன் இழுவை அதிகம். மறுபக்கத்துக் கம்பி சரிவாக நிற்பதால் இழுவை குறைந்து, அதுதான் விரைவில் தளர்கிறது. 148 மி.மீ. ஹப் வந்ததும் விளிம்புகள் விலகி இந்தக் கோணம் சற்று மேம்பட்டது, ஆனால் முற்றிலும் தீரவில்லை. ஆகவே, மறுபக்கத்துக்குத்தான் நடு மெலிந்த கம்பி மிகவும் தேவை. எடை குறைப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒரு ஜோடிச் சக்கரத்தில் மிச்சமாவது 60 கிராம் போலத்தான். வளைவு பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வளைவில் முழுத் தடிமன் இருக்கிறதா இல்லையா என்று கோட்டைவாசல் ஐயா ஒரு சொல்லில் பதில் தரட்டும்.

கோட்டைவாசல்:

சங்கிலி பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே விழுந்து கம்பியை அரைக்கும்போது, அது அரைப்பது வளைவையா, நடுவையா? அப்போது அந்த 1.8 எத்தனை நாள் நிற்கும்? மெலிந்தது மெலிந்ததுதான் என்று முன்பும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை:

சங்கிலி உள்ளே விழாமல் இருக்கக் கியரின் எல்லைத் திருகைச் சரிசெய்ய வேண்டும். அதற்காகத் தடித்த கம்பி போடச் சொல்வது எந்தப் பட்டறை வழக்கம்? என் கேள்வி வளைவைப் பற்றியது. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

குடியாத்தம்:

தம்பி, இவர்கள் முடிக்கப்போவதில்லை. நிப்பிளைப் பித்தளையில் வாங்குங்கள். அலுமினிய நிப்பிள், டியூப்லெஸ் திரவம் கசிந்தால் அரித்து உடையும்.

கோட்டைவாசல்:

எங்கள் பட்டறையில் எப்போதும் பித்தளை நிப்பிளைத்தான் போடுகிறோம், தடித்த கம்பியோடு.